‘பிந்தைய’ என்னும் சொல்லின் எல்லை: மாமல்லபுரக் கடற்கரையில் ஆழிப்பேரலையும் மனவடுவும் (2004–2022)

ஆய்வுச்சுருக்கம்

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலையை அடுத்து, ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு’ என்னும் நோய்ப்பெயர் தமிழ்நாட்டுக் கடற்கரைச் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தது. கோவளம் முதல் பாலாற்று முகத்துவாரம் வரையிலான இன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையை முதன்மைக் களமாகக் கொண்டு, அந்நோய்ப்பெயர் வந்த வரலாற்றையும், அது எதை அளந்தது, எதை அளவாமல் விட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அதிர்ச்சி தந்த நிகழ்வு முடிந்துவிட்டது என்பது இந்நோயறிதலின் அடிப்படைக் கருதுகோள். கடலையே தொழிற்களமாகக் கொண்ட மக்களிடம் அக்கருதுகோள் தவிர்ப்பு, மிகைவிழிப்பு, துயரம், இடப்பெயர்வு ஆகிய நான்கு நிலைகளில் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: ஆழிப்பேரலை, மனவடு, மனஅழுத்தக் கோளாறு, மாமல்லபுரம், மீனவர், இருளர், பேரிடர் வரலாறு.

முன்னுரை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்திரா தீவுக்கு மேற்கே 9.1 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து, காலை 9 மணி அளவில், அதன் அலைகள் தமிழ்நாட்டுக் கரையை அடைந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டின மாவட்டத்தினர். அன்றைய காஞ்சிபுர மாவட்டக் கரையில் உயிரிழந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டவர். இவ்வெண்ணிக்கை வேறுபாட்டின் காரணமாகவே ஆழிப்பேரலை குறித்த ஆய்வுகளும் உதவிகளும் பெரிதும் நாகப்பட்டினத்தை நோக்கிச் சென்றன. மாமல்லபுரக் கரை பற்றிய பேச்சு, கடற்கரைக் கோயிலைப் பற்றியதாகவும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைப் பற்றியதாகவும் சுருங்கியது.

இக்கரையை ஆய்வு செய்வோர் முதலில் ஓர் ஆவணச் சிக்கலை எதிர்கொள்வர். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது. எனவே 2004 தொடர்பான அரசுப் பதிவுகளில் மாமல்லபுரமும் கோவளமும் சதுரங்கப்பட்டினமும் காஞ்சிபுரத்தின்கீழ் இடம்பெறுகின்றன. பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற ஓர் உள்நாட்டு நகரின் பெயரால் அறியப்பட்ட மாவட்டத்துக்கு ஒரு கடற்கரை இருந்தது என்பதே வெளியுலகின் கவனத்தில் பெரிதாகப் பதியவில்லை.

உயிரிழப்பின் எண்ணிக்கை குறைவாயிருப்பதனால் உள்ளத்தின் பாதிப்பும் அதே அளவில் குறைந்திருக்கும் எனக் கொள்ள இயலாது. உள்ளத்தின் பாதிப்பை அளக்க எந்த அளவுகோல் பயன்பட்டது, அது எங்கிருந்து வந்தது, இக்கரையின் வாழ்க்கைக்கு அது எவ்வளவு பொருந்தியது என்பனவே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள். இங்குப் பயன்படுத்தப்படும் மனநல ஆய்வுகள் தமிழ்நாட்டுக் கடற்கரையின் பல பகுதிகளில் நிகழ்த்தப்பட்டவை; தொழிலாலும் சமூக அமைப்பாலும் ஒத்த மாமல்லபுரக் கரையை விளங்கிக்கொள்ள அவை ஒப்பீட்டுச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

நோய்ப்பெயரின் வரலாறு

பேரச்சத்துக்கு ஆளானவர் பின்னாளிலும் அதிலிருந்து மீளாதிருக்கும் நிலையை மேலை மருத்துவம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பெயரிட்டு அழைத்தது. 1866-இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், தொடர்வண்டி விபத்துகளில் சிக்கியோரின் நிலையைத் தண்டுவடப் பாதிப்பாக விளக்கினார். முதல் உலகப் போரின்போது, 1915-இல், சார்லஸ் மையர்ஸ் ‘ஷெல் ஷாக்’ என்னும் குண்டதிர்ச்சி பற்றி எழுதினார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் நிலை பற்றிய நீண்ட விவாதத்துக்குப் பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இன்றைய பெயர் இடம்பெற்றது. ‘பி.டி.எஸ்.டி’ என்னும் எழுத்துச் சுருக்கமும் அதிலிருந்தே புழக்கத்துக்கு வந்தது.

1987, 1994 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளில் இந்நோயின் குறிகள் மூன்று தொகுதிகளாக அமைந்தன. நிகழ்வு கனவிலும் நினைவிலும் மீண்டும் மீண்டும் தோன்றுதல் முதலாவது. அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தலும் உணர்வு மரத்துப்போதலும் இரண்டாவது. உறக்கமின்மை, திடுக்கிடல், எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து விழித்திருத்தல் ஆகியன மூன்றாவது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு தவிர்ப்பைத் தனித் தொகுதியாகப் பிரித்து, நோயறிதலுக்கு அது கட்டாயம் தேவை என்றது.

இம்மூன்று தொகுதிகளுக்கும் அடியில் காலம் பற்றிய ஒரு கருதுகோள் உள்ளது. ஆபத்து ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கி முடிந்தது. இப்போது ஆபத்து இல்லை. உடலும் உள்ளமும் மட்டும் அது தொடர்வதாக எண்ணி நடந்துகொள்கின்றன. அதனாலேயே அந்நடத்தை நோய்க்குறி ஆகிறது. போர்முனையிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலுள்ள தம் ஊருக்குத் திரும்பிய வீரரிடம் இக்கருதுகோள் பொருந்துவது இயல்பே. ஆபத்து நிகழ்ந்த இடத்திலேயே அன்றாடம் வாழ்வோரிடம் அது எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

இவ்வகை ஐயம் புதிதன்று. ஒரு பண்பாட்டில் உருவான நோய்வகையை வேறொரு பண்பாட்டின்மீது சுமத்தி, அங்கும் அதைக் கண்டதாகக் கூறுவதிலுள்ள பிழையை ஆர்தர் கிளைன்மன் 1977-லேயே சுட்டினார். நோயாளியின் துன்பம் மெய்யானது, ஆனால் அந்நோய்வகை காலங்கடந்த உண்மை அன்று, குறிப்பிட்ட வரலாற்றுச் சூழலில் உருவானது என்று ஆலன் யங் 1995-இல் வாதிட்டார். தமிழ்ச் சூழலில் இவ்விவாதத்தை ஆழமாக மேற்கொண்டவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். 1998-இல் வெளியான ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்னும் ஆங்கில நூலிலும் பின்வந்த ஆய்வுகளிலும், போரின் பாதிப்பைத் தனிமனிதரிடம் மட்டும் தேடாமல் குடும்பத்திடமும் ஊரிடமும் தேட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஈழத்தமிழ் வழக்கிலுள்ள ‘மனவடு’, ‘நெருக்கீடு’ ஆகிய சொற்கள் இத்துறைக்குத் தமிழ் அளித்த பயன்மிகு கலைச்சொற்களாகும். வடு என்பது ஆறிய புண்ணின் தடம். ஆறாத புண்ணை என்னவென்பது என்னும் வினாவையும் அச்சொல்லே எழுப்புகிறது.

அலைக்கு முந்தைய கரை

கோவளத்திலிருந்து தெற்கே வடநெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், புதுப்பட்டினம் எனக் கரையோரச் சிற்றூர்கள் தொடர்கின்றன. மீனவக் குடியிருப்புகள் ‘குப்பம்’ என்று வழங்கப்படுகின்றன. கடல்தொழில் செய்வோருள் பட்டினவர் சமூகத்தினர் மிகுதி. ஊர்ப் பஞ்சாயத்தே தொழில் விதிகளையும் வழக்குகளையும் தீர்த்து வைக்கும் அமைப்பு. சோழமண்டலக் கரையில் இவ்வமைப்பின் செல்வாக்கை மார்ட்டன் பாவிங்க்கின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. உப்பங்கழிகளிலும் காட்டோரங்களிலும் இருளர் வாழ்கின்றனர். வடநெம்மேலியில் 1978-இல் நிறுவப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை ஊழியர்களின் நகரியம் உள்ளது. ஒரே கரையில் இவ்வாறு மூவகை வாழ்க்கை அருகருகே இருந்தன.

இக்கரைவாழ் மக்களின் நினைவில் ஆழிப்பேரலை இல்லை. 1881-இல் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலையும், 1883-இல் கிரக்கத்தோவா எரிமலை வெடிப்பின் அலையும் வங்கக் கடலோரக் கருவிகளில் பதிவாயின. ஆனால் அவை ஊர்கள் நினைவில் வைக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல. ‘கடல்கோள்’ என்னும் பழஞ்சொல் இறையனார் களவியல் உரை வழியாகக் கற்றோரிடம் வழங்கியது. குப்பங்களில் வாழும் எச்சரிக்கையாக அது இல்லை. புதிய நிகழ்வுக்குச் ‘சுனாமி’ என்னும் யப்பானியச் சொல்லே பெயராயிற்று.

மனித நினைவில் இல்லாததை மண் வைத்திருந்தது. சாளுவன்குப்பத்தில் அலைகள் வெளிப்படுத்திய கல்வெட்டுகளைத் தொடர்ந்து, 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வில் முருகன் கோயில் ஒன்று வெளிவந்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதனினும் பழைய செங்கற்கட்டுமானம் காணப்பட்டது. அக்கோயில் முற்காலத்தில் கடற்பேரலைகளால் அழிந்திருக்கலாம் என்று அகழாய்வை நடத்திய தொல்லியலாளர் சத்தியமூர்த்தி கருதினார். அலை வெளிப்படுத்திய கற்கள் உடனே உலகச் செய்தியாயின. அதே அலை மக்களின் உள்ளத்தில் விட்டுச்சென்றவற்றைப் படிக்க அத்தகைய ஆயத்தம் இருக்கவில்லை.

அதற்கு நிறுவன வரலாறும் காரணம். தமிழ்நாட்டின் மனநல மருத்துவம் நெடுங்காலம் சென்னையை மையமாகக் கொண்டிருந்தது. 1794-இல் தொடங்கிய மனநலக் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறி, அங்கேயே நிலைபெற்றது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பட்டது. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் அறிவிக்கப்பட்டபோதிலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாடு முழுவதும் நான்கு மாவட்டங்களிலேயே தொடங்கியது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி அவற்றுள் ஒன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் இறந்த நிகழ்வே மனநலத்தைப் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தது. இந்நிலையில்தான் ஆழிப்பேரலை வந்தது.

எண்ணும் முயற்சிகள்

அலைக்குப் பின் மனநல உதவி பல வழிகளில் வந்தது. 1999 ஒடிசாப் பெரும்புயல், 2001 குசராத்து நிலநடுக்கம் ஆகியவற்றில் பட்டறிவு பெற்ற பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உளச்சமூக உதவிப் பயிற்சி அளித்தது. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பும் இப்பணியில் ஈடுபட்டது. உதவியோடு வினாநிரல்களும் வந்தன.

அவற்றின் முடிவுகள் தம்முள் பெரிதும் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டு மீனவச் சிற்றூர் ஒன்றில், அலைக்கு இரண்டு மாதங்கள் கழித்து, 314 பெரியவர்களிடம் நிகழ்த்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு, 12.7 விழுக்காட்டினரிடம் இக்கோளாறு இருந்ததாகக் கூறியது. அதே ஆண்டு வெளியான, குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பற்றிய மற்றோர் ஆய்வு, உடனடி நிலைக் கோளாறு 70.7 விழுக்காட்டினரிடமும், தாமதமாகத் தோன்றும் கோளாறு 10.9 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டதாக அறிவித்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒன்பது மாதங்கள் கழித்து 643 பேரிடம் நிகழ்த்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இது 15.1 விழுக்காடு. பேரிடர்களுக்குப் பின் மிதமான மனநலக் கோளாறுகள் 10 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகவும், கடுமையானவை 2–3 விழுக்காட்டிலிருந்து 3–4 விழுக்காடாகவும் உயரலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005-இல் முன்வைத்த பொதுமதிப்பீடு.

வயது, காலம், கருவி ஆகியவை வேறுபட்டதால் எண்களும் வேறுபடுகின்றன என்பது முதல் விளக்கம். அது சரியானதே, எனினும் போதுமானதன்று. உதவித் திட்டங்கள் எண்களை நாடுகின்றன. பெரிய எண் பெருந்துயர்க்குச் சான்றாகவும், சிறிய எண் மீண்டெழுந்தமைக்குச் சான்றாகவும் எளிதில் எடுத்தாளப்படுகின்றன. எண்ணுக்கு முன்னால் நிற்கும் வினா, எண்ணப்படுவது எது என்பதேயாகும். அதற்கு நோய்க்குறிகளை ஒவ்வொன்றாகக் கரையின் வாழ்க்கையோடு வைத்துப் பார்ப்பது தேவை.

தவிர்ப்பு: கடலை விட்டு எங்கே செல்வது?

2013-ஆம் ஆண்டு ஆய்வின் ஒரு முடிவு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. இக்கோளாறு துயரத்தின் கடுமை, பெண்ணாயிருத்தல், உடற்காயம், குழந்தைகளின் இறப்பு, பொருளிழப்பு ஆகியவற்றோடு தொடர்புற்றிருந்தது. ஆனால் தவிர்ப்பு நடத்தையோடும் அன்றாடச் செயல்திறன் இழப்போடும் அதற்குக் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. கையேட்டின் பிற்காலப் பதிப்பு இன்றியமையாதது என்று வைத்த குறியே இங்கு நோயைச் சுட்டவில்லை.

இதன் காரணத்தைக் கடற்கரையின் பொருளாதாரத்தில் காணலாம். கடலைத் தவிர்க்க வேண்டுமானால் கடலின்றி உயிர்வாழ வழி இருக்க வேண்டும். குப்பத்துக் குடும்பத்துக்கு வீட்டு வாயிலிலிருந்து தெரிவது கடல். காதில் விழுவது கடல். அடுப்பு எரிவதும் கடலால். படகும் வலையும் இழந்தவர் தொழிலுக்குத் திரும்பத் தாமதமானது அச்சத்தாலா, கருவி இன்மையாலா என்று வினாநிரலால் பிரித்தறிவது கடினம். அக்காலத்தில் இறந்த உடல்களை மீன்கள் தின்றிருக்கும் என்னும் அருவருப்பால் நகர மக்கள் மீன் வாங்குவதை நிறுத்தினர், விலை வீழ்ந்தது. எனவே கூடையோடு சந்தைக்குச் செல்லாத மீன்காரியின் ஒதுங்கலில் அச்சமும் உண்டு, வாங்குவோர் இன்மையும் உண்டு. தவிர்த்தவர்கள் கடற்கரை மக்களா, நகர மக்களா என்று கேட்பதற்கும் இடமிருக்கிறது.

கல்பாக்கத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அணுமின் நிலையத்தில் நீரேற்றுக் கூடத்தில் கடல்நீர் புகுந்ததும் இயங்கிக்கொண்டிருந்த அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. நகரியத்தில் வீடுகள் சேதமுற்றன, உயிரிழப்பும் நேர்ந்தது. பின்னர் நகரியத்தின் கடலோரத்தில் தடுப்புச்சுவர் எழுந்தது. மாத ஊதியம் பெறும் குடும்பம் கடலிலிருந்து விலகியிருந்தாலும் அதன் வருவாய் குறையாது. ஒரே காலையில் ஒரே அலையைக் கண்ட இரு குடும்பங்களுள் ஒன்றுக்குத் தவிர்ப்பு இயலும், மற்றொன்றுக்கு இயலாது. இரண்டையும் ஒரே வினாவால் அளந்தால், கடலுக்குத் திரும்பியவர் நலமடைந்தவராகக் கணக்கிடப்படுவார். அவர் திரும்பியது நலமடைந்ததாலா, வேறு வழியின்மையாலா என்பது பதிவாகாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஆழ்கடலில் ஆழிப்பேரலை பெரிதாக உணரப்படுவதில்லை. அன்று காலை கடலில் இருந்தோர் பலர் தப்பினர். கரையிலிருந்த பெண்களும் குழந்தைகளும் முதியோரும் மிகுதியாக இறந்தனர். கடலுக்குச் சென்ற ஆண் அலையைக் காணாமல், அதன் விளைவை மட்டும் கண்டான். ஆபத்தின் இடமெனக் கருதப்பட்ட கடல் அவனைக் காத்தது. பாதுகாப்பின் இடமெனக் கருதப்பட்ட கரை அவன் குடும்பத்தைக் காக்கவில்லை. இத்தலைகீழ் நிலையில் அச்சம் எந்த இடத்தோடு பிணையும் என்பதை நோய்க்குறிப் பட்டியல் முன்கூட்டியே கூற இயலாது.

மிகைவிழிப்பு: நோய்க்குறியா, அறிவா?

2004 டிசம்பர் 30 அன்று, முதல் அலைக்கு நான்கு நாள்கள் கழித்து, மீண்டும் ஆழிப்பேரலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினர். அந்த எச்சரிக்கைக்கு உரிய அறிவியல் அடிப்படை இல்லை என்பது அன்றே தெளிவாயிற்று. 2005 மார்ச் 28 இரவு நியாஸ் தீவருகே 8.6 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தபோது கரையோர மக்கள் மறுபடியும் வீடுகளை விட்டு வெளியேறினர். 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்திரா அருகே மீண்டும் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. எச்சரிக்கை விடப்பட்டு, பெரிய அலை எழாததால் மாலையில் விலக்கிக்கொள்ளப்பட்டது. இதற்கிடையே 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியிருந்தது.

2004-இல் நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே இரண்டரை மணி நேரம் இருந்தும் யாரும் எச்சரிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டுகளில் கடல் உள்வாங்குகிறதா என்று இரவில் எழுந்து பார்த்த தாயின் விழிப்பை, ஆபத்து இல்லாத இடத்தில் ஆபத்தைக் காணும் மிகைவிழிப்பு என்று மட்டும் கொள்வது சரியாகாது. அரசின் எச்சரிக்கை அமைப்பு உருவாகும்வரை அவ்விழிப்பே குப்பத்தின் எச்சரிக்கை அமைப்பாக இருந்தது. அடிப்படையற்ற எச்சரிக்கை அவ்விழிப்பை மேலும் கூட்டியது. ஆகவே குறியின் ஒரு பகுதி உள்ளத்தில் தோன்றியது. மற்றொரு பகுதி நிறுவனங்களின் செயலால் தோன்றியது. விழிப்பு உறக்கத்தை முற்றிலும் கெடுத்து உடலை வருத்தும்போது அது சிகிச்சைக்கு உரியதே. எனினும் அதன் தோற்றத்தை விளக்க அந்தத் தாயின் உள்ளம் மட்டும் போதாது.

துயரம்: முடியாத இறுதிச்சடங்கு

குழந்தைகளின் இறப்போடு நோய் நெருங்கிய தொடர்புற்றிருந்தது என்பது மேலே கூறப்பட்டது. தமிழ்நாடு அரசு இதனை வேறு மொழியில் உணர்ந்திருந்தது. கருத்தடை அறுவை செய்துகொண்ட பின் அலையில் குழந்தைகளை இழந்த தாய்மாருக்கு, மீண்டும் கருவுற உதவும் இணைப்பு அறுவைச் சிகிச்சையை அரசு இலவசமாக வழங்க முன்வந்தது. குடும்பக்கட்டுப்பாட்டை நெடுங்காலம் வலியுறுத்திய அரசே இவ்வாறு செய்தமை, துயரத்தின் அளவை ஒப்புக்கொண்ட ஓர் ஆவணமாகும். அதே வேளையில் இழந்த குழந்தையின் இடத்தை மற்றொரு குழந்தையால் நிரப்பலாம் என்னும் எதிர்பார்ப்பும் அதில் அடங்கியுள்ளது. அவ்வெதிர்பார்ப்பின் சுமை பெண்ணின் உடல்மீதே விழுந்தது.

உடல் கிடைக்காத இறப்புகள் வேறொரு சிக்கலைத் தந்தன. தமிழ்க் குடும்பங்களில் இறப்பு ஒப்பாரியாலும் கருமாதியாலும் ஆண்டுத் திதியாலும் படிப்படியாக ஏற்கப்படுகிறது. உடலின்றி இவ்வொழுங்கு எங்கே தொடங்கும் என்பது தெளிவாவதில்லை. பல மீனவச் சிற்றூர்களில் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கடலில் பாலூற்றி மலர்தூவி அஞ்சலி செலுத்தும் வழக்கம் ஏற்பட்டது, தனிக் குடும்பங்களால் முடிக்க இயலாத சடங்கை ஊர் கூடிச் செய்யும் முயற்சியாகக் கொள்ளத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்வகைப்பாடு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது ‘நீடித்த துயரக் கோளாறு’ தனிவகையாக இடம்பெற்றது. ஆறு மாதங்களுக்கு மேலாக நீடித்து, அச்சமூகத்தின் வழக்கத்தை மிஞ்சும் துயரமே நோய் என்பது அதன் வரையறை. எனவே சமூகத்தின் வழக்கம் எது என்பதை முதலில் அறிய வேண்டியதாகிறது; ஆழிப்பேரலை போன்ற நிகழ்வில் அவ்வழக்கமே உடைந்து புதிதாக உருவாகிறது.

இடப்பெயர்வு: முடிவுறாத நிகழ்வு

வருவாய்த் துறையின் 2005 மார்ச் 30 நாளிட்ட அரசாணை எண் 172 வீட்டுவசதிக் கொள்கையை வகுத்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமுற்றவர் அதற்கு அப்பால் புதிய வீடு பெறலாம். பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். செல்ல விரும்பாதோர் பழைய இடத்திலேயே இருக்கலாம். ஆனால் புதிய வீட்டுக்கான உதவி கிடைக்காது. பாதுகாப்பு நோக்கில் இது விளங்கத்தக்க கொள்கை. எனினும் கடலின் நிறத்தையும் காற்றின் திசையையும் வாசலிலிருந்து அறிந்து தொழிலுக்குச் செல்பவருக்கு, பாதுகாப்பான வீடா, தொழிலுக்கு ஏற்ற வீடா என்னும் தேர்வாக அது அமைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விடுதிகளும் பொழுதுபோக்கு இடங்களும் பெருகிய மாமல்லபுரக் கரையில், கடலோர நிலத்தின் விலை இத்தேர்வுக்குக் கூடுதல் பொருள் தந்தது.

நிவாரணப் பகிர்வும் ஏற்றத்தாழ்வுடையதாக இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் பகிர்ந்தபோது, ஊர் வரி செலுத்தும் ஆண்களின் குடும்பங்களே அலகாயின. கைம்பெண்களும் தனித்து வாழும் பெண்களும் பின்தங்கினர். இழப்பு என்பது படகும் வலையும் எனக் கணக்கிடப்பட்டதால், கழியில் கையால் இறால் பிடித்து வாழ்ந்த இருளரின் இழப்பைக் கணக்கில் சேர்ப்பது கடினமாயிற்று. இருளரின் நோக்கில் கடல் கன்னியம்மாவின் உறைவிடம். ஆண்டுதோறும் மாசிமகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் அவர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடித் தங்கி வழிபடுவதும், அங்கேயே திருமணங்களை நிச்சயிப்பதும் நடத்துவதும் தொன்றுதொட்ட வழக்கம். கடலை அச்சத்தின் இடமாக மட்டும் கொண்டு வினவும் நிரலுக்கு, அதை வழிபடும் இடமாகவும் கொண்ட மக்களின் விடை விளங்குவதில்லை.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அதே மாதத்தில் அலையைக் கண்டவர்கள் அன்றிரவும் அக்கரையில் இருந்தனர். அவர்களைப் பொறுத்தவரை ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய’ காலம் என்பது, அடுத்த அதிர்ச்சிக்கு முந்தைய காலமும் ஆகும்.

முடிவுரை

இக்கட்டுரை மனஅழுத்தக் கோளாறு என்னும் நோயறிதலைப் பயனற்றது எனக் கூறவில்லை. தூக்கமின்றியும் தற்கொலை எண்ணத்தோடும் தவித்தவர்களுக்கு அந்நோய்ப்பெயரே மருத்துவரின் கதவைத் திறந்தது. வேலூர் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, உயிர்பிழைத்தோர் தம் குடும்பத்தையும் ஊரையும் நம்பிக்கையையுமே முதன்மைத் துணையாகக் கருதியதைக் காட்டியது. இம்முடிவும் கவனத்தோடு கையாளத்தக்கது. மக்கள் தாமே மீண்டெழுவர் என்னும் பாராட்டு, அரசு செய்ய வேண்டியதைச் செய்யாதிருப்பதற்கு ஏதுவாகிவிடலாம். அதுபோலவே, எழுபது விழுக்காட்டினர் நோயாளர் என்னும் எண், வீட்டுமனைச் சிக்கலையும் விலைவீழ்ச்சியையும் தனிமனிதரின் நோயாக மாற்றிவிடலாம். இரண்டு பிழைகளும் ஒரே இடத்திலிருந்து தோன்றுகின்றன: நிகழ்வு டிசம்பர் 26 அன்றே முடிந்தது எனக் கொள்வதிலிருந்து.

2007-இல் பல்வேறு பன்னாட்டு உதவி அமைப்புகள் இணைந்து வெளியிட்ட அவசரகால மனநல வழிகாட்டி, உணவு, இருப்பிடம், பாதுகாப்பு ஆகியவற்றை மனநல உதவியின் அடித்தளமாக வைத்தது. மாமல்லபுரக் கரையின் பட்டறிவு அவ்வடித்தளத்தோடு காலத்தையும் சேர்க்கக் கோருகிறது. இனி இக்கரையில் மனநல ஆய்வு மேற்கொள்வோர், கடலைத் தவிர்க்கிறீர்களா என்று கேட்கும் முன் தவிர்க்க இயலுமா என்று கேட்பதும், விழித்திருக்கிறீர்களா என்று கேட்கும் முன் எச்சரிக்கை உங்களை வந்தடைகிறதா என்று கேட்பதும், இழப்பைப் படகுக் கணக்கோடு நிறுத்தாமல் கழியின் கணக்கையும் சேர்ப்பதும் தேவை. வரலாற்றாய்வாளர்க்கும் இதில் பணி உண்டு. அலையைக் கண்ட தலைமுறை முதுமை எய்தி வருகிறது. சாளுவன்குப்பத்தின் கற்கள் அடுத்த அகழாய்வுக்குக் காத்திருக்கும். குப்பத்து மூத்தோரின் சொற்கள் அவ்வாறு காத்திரா. அவற்றை அவர்களுடைய மொழியிலேயே பதிவு செய்வது, நோய்ப்பெயரைத் திருத்தவும் அடுத்த பேரிடருக்கான உதவியை வகுக்கவும் துணையாகும்.